காய்ச்சல் லீவில் ஓர் ஊமைப்படம்

அம்மா என் பெயரைச் சொல்லி ஒரே ஒரு முறைதான் பொய் லீவு எடுத்திருக்கிறாள். நான் அப்போது நான்காம் வகுப்பு.

திருநெல்வேலி டவுணில், ரத வீதியில் இருந்த பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் அவளுக்குச் சேலைப் பிரிவில் வேலை. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் ராத்திரி ஒன்பது வரை உட்காரக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் வாளி வெந்நீரில் காலை விட்டுக்கொண்டுதான் சாப்பிடுவாள். பாதிச் சாப்பாட்டில் கண் சொருகிவிடும்.

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி அரங்கில் பழைய ஊமைப்படம் போடுகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சீட்டுக் கொடுத்தார்கள். ஒரு பிள்ளையோடு பெரியவர் ஒருவர் வரலாம். கீறல் விழுந்து பூஞ்சை பிடித்துக் கிடந்த படச்சுருளை வெளிநாட்டில் யாரோ துடைத்துத் துடைத்துப் புதுசாக்கியிருக்கிறார்களாம். நாள், ஞாயிற்றுக்கிழமை. ஜவுளிக்கடையில் ஞாயிறன்று லீவு கேட்க யாருக்கும் வாய் வராது. நான் மூன்று நாள் அழுதேன். ஞாயிறு காலையில் அம்மா போனை எடுத்து, கடை சூப்பர்வைசரிடம், "பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாக் கொதிக்கி" என்றாள். நான் பக்கத்தில் நின்று தோசை தின்றுகொண்டிருந்தேன்.

படத்தில் ஒரு ஒல்லி மனிதனுக்குத் துணிக்கடையில் வேலை கிடைக்கிறது. அவன் உட்காரப் போகும்போதெல்லாம் மீசைக்கார மேனேஜர் வந்துவிடுவார். உடனே துள்ளி எழுந்து, தூசியே இல்லாத மேசையைத் துடைப்பான். ஒரு தடவை அவசரத்தில் மேனேஜரின் வழுக்கைத் தலையையே துடைத்துவிட்டான். அவன் முகத்துப் பவுடர் வியர்வையில் திட்டுத்திட்டாகக் கரைவதுகூட நேற்று எடுத்த படம்போலத் தெளிவாகத் தெரிந்தது.

அரங்கமே சிரித்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அம்மா கொஞ்சம் முந்திச் சிரித்தாள். மேனேஜரின் செருப்பு நுனி திரையில் தெரிவதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

"இதை முன்னாலயே பாத்திருக்கியாம்மா?"

"இல்லட்டி. இந்தா, இப்ப வருவாம் பாரு."

வந்தார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக் குலுங்கினாள். எங்களுக்கு மூன்று வரிசை முன்னால் ஒருவர் தொடையில் தட்டித் தட்டி, அம்மாவுக்குச் சமமாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

விளக்குப் போட்டதும் அவர் திரும்பினார். அம்மா சட்டென்று குனிந்தாள். அவர்தான் கடையின் மாடி சூப்பர்வைசர். தன் மகனைக் கையில் பிடித்தபடி நேரே எங்களிடம் வந்தார்.

"என்னம்மா, பிள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னிய?"

அம்மாவுக்கு உதவி செய்வதாக நினைத்து நான், "எனக்கு ஒண்ணுமில்ல மாமா, நல்லாத்தான் இருக்கேன்" என்றேன். அவர் அம்மாவைப் பார்த்தார், தன் மகனைப் பார்த்தார். "படம் நல்லாருக்கு, என்ன?" என்று என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போய்விட்டார். ஞாயிற்றுக்கிழமையில் அவருக்கு எப்படி லீவு கிடைத்தது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.

எல்லோரும் போன பிறகும் அம்மா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. காவலாளி வந்து, "படம் முடிஞ்சிட்டும்மா" என்றார்.

"செத்த இருந்துட்டுப் போறோம் அண்ணாச்சி."

மறுபடி போடுவார்கள் என்று காத்திருக்கிறாள் என நினைத்து, நானும் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளிலிருந்து அம்மாவைக் கடை வாசலில் நிறுத்திவிட்டார்கள். சூப்பர்வைசர் சொல்லித்தானா, வேறு யாராவதா என்று அம்மா சொன்னதில்லை. வருகிறவர்களையெல்லாம் கைகூப்பி வரவேற்க வேண்டும். ஃபேன் கிடையாது, பங்குனி வெயில் படியேறி அவள் கால்வரைக்கும் வரும். கடையே கொடுத்த பட்டுச்சேலையும் தலையில் பூவுமாக அம்மா ஜொலித்தாள். அவளுக்குப் பெரிய வேலை கிடைத்துவிட்டதாக வகுப்பு முழுக்கச் சொல்லிவைத்தேன்.

சாயங்காலம் பள்ளி வேன் அந்த வழியாகத்தான் திரும்பும். ஜன்னல் வழியே பாதி உடம்பை வெளியே நீட்டி, "அம்மா!" என்று கத்துவேன். அவள் கூப்பிய கையை இறக்காமல் என்னைப் பார்த்துச் சிரிப்பாள். பக்கத்தில் இருந்தவளிடம் பெருமையாகச் சொன்னேன், எங்க அம்மா எனக்குத்தான் வணக்கம் சொல்கிறாள் என்று.