சாக்கு மூடிய குழி

போன வாரம் நான் விழுந்துகொண்டே இருந்தேன்.

பதறாதீர்கள்... செல்போனில்தான். பல் டாக்டர் கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையில் என் அக்கா மகள் நிர்மலா உருவாக்கிய கேம். பாவாடை கட்டிய ஒரு பெண் ஓடுவாள், கோழிப்பண்ணைக் கூரை மேல் ஏறுவாள், லாரி மேல் குதிப்பாள், குழிகளைத் தாண்டுவாள். தவறி விழுந்தால் 'அவ்ளோதானுங்க' என்று எழுத்து வரும். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இந்த வயதில் இதெல்லாம் தேவையா என்று கேட்காதீர்கள். சீரியல் பார்த்து மூக்கைச் சிந்துவதற்கு இது எவ்வளவோ மேல்!

ஆனால் அன்று நான் விழுந்த குழியில் 'அவ்ளோதானுங்க' வரவில்லை. சுற்றிலும் இருட்டு. அந்தப் பெண் கீழே போய்க்கொண்டே இருந்தாள். என் டோக்கனைக் கூப்பிட்டார்கள். போனை அப்படியே பைக்குள் போட்டுவிட்டு, டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டி, திட்டு வாங்கி, மருந்துச் சீட்டோடு வெளியே வந்து பார்க்கிறேன்... அவள் இன்னும் போய்க்கொண்டிருந்தாள்.

எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

இந்தக் குழிக்கு வழி காட்டியது இணையத்தில் வீடியோ போடும் ஒரு தம்பி. எந்த ஊரோ தெரியாது. கேம்களைப் பிரித்து மேய்ந்து, செய்தவர்கள் பயன்படுத்தாமல் உள்ளே விட்டுவைத்ததை எல்லாம் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு கூட்டம் இருக்கிறதாம். மூன்றாவது லெவலில் மோட்டார் ரூம் சுவரை ஒட்டி நின்று, குனிந்து குனிந்து குதித்தால் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கம் போய்விடலாம். அங்கே தரையில் ஒரு சாக்கு கிடக்கும். மஞ்சள் சாக்கு, அதில் இரண்டு நீலக் கோடு. அதன் மேல் கால் வைத்தால் உள்ளே போக வேண்டியதுதான். "இந்தக் குழி யாருக்காக?" என்று பின்னணி இசையெல்லாம் போட்டுக் கேட்டிருந்தார் அந்தத் தம்பி.

நிர்மலாவுக்குப் போன் போட்டேன்.

"அந்த இடத்த நாந்தான் மொத வரைஞ்சேன் சித்தி. அப்பறம் வழிய மாத்திட்டேன். பழசு அப்படியே அடியில கெடக்குது."

"அழிக்க வேண்டியதுதானே?"

"அழிச்சா வேற எங்கயாச்சும் ஒடஞ்சுரும்னு பயம் சித்தி. நாங்க எல்லாம் அப்படித்தான். மூடி வெச்சுட்டுப் போயிருவோம்."

"அடியில்லாத குழியை ஏன் வைத்தாய்?"

"அதானுங்க சித்தி எனக்கும் தெரியல. இதுல நாந்தான் வேல செஞ்சேன், வேற ஆருமில்ல. ஆனா அந்தக் குழிய வெச்ச ஞாபகமே இல்ல. சாக்கு வரைஞ்ச ஞாபகமும் இல்ல."

தூக்கக் கலக்கத்தில் வரைந்திருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை பஸ் ஏறிவிட்டேன்.

நிர்மலாவின் வீடு புதுச்சத்திரம் பக்கம் காட்டுக்குள் இருக்கிறது. காடு என்றால் எங்கள் பக்கம் மேட்டு நிலம். புலி எல்லாம் கிடையாது. என் அக்காவும் மாமாவும் வாழ்ந்த இடம். இருவரும் இப்போது இல்லை. மாமா ரிக் வண்டி ஓட்டியவர். போர் போடுகிற லாரியைத்தான் ரிக் என்போம். அண்ணனும் தம்பியுமாக எந்தெந்த மாநிலத்துக்கோ போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தவர்கள்.

வாசலில் நின்றதுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்றாவது லெவல்! அதே மோட்டார் ரூம், அதே தொட்டி, அதே வேப்பமரம். "சின்ன வயசுல பாத்த மாதிரியே வரைஞ்சேன் சித்தி" என்றாள். போனைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டுக்கொண்டே நடந்தேன். இடது பக்கம் மோட்டார் ரூம். வலது பக்கம் வேப்பமரம். நடுவில்...

நடுவில் கேமில் சாக்கு. இங்கே வெறும் புல்.

வேப்பமரத்தில் ஊஞ்சல் கட்டியிருந்தது. அதில் நிர்மலாவின் மகள் யாழினி, ஐந்து வயது. வீசி ஆடிவிட்டு, உச்சியில் கையை விட்டுப் புல்லில் குதிப்பதுதான் அவளுடைய விளையாட்டு. பக்கத்துக் காட்டுப் பிள்ளைகளும் வந்து குதிப்பார்களாம்.

"நிர்மலா... உன் கேமில் இத்தனை குழி இருக்கிறதே. இது ஒன்றுக்கு மட்டும் ஏன் சாக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு புல்லைப் பார்த்தாள். ரிக் வண்டிக்காரர் மகளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டுமா? தண்ணீர் வராத போர்க்குழி மேல்தான் சாக்குப் போட்டு மூடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். முகத்தில் ரத்தம் வற்றிவிட்டது.

"அம்மா, பாருங்க... நான் குதிக்கப் போறேன்!"

"குதிக்காதே சாமி! கயித்தப் புடிச்சுக்கோ, அம்மா வாரேன்!"

நேராக ஓடவில்லை அவள். மரத்தைச் சுற்றிப் பின்பக்கமாகப் போய், ஊஞ்சலோடு சேர்த்துக் குழந்தையை அணைத்துத் தூக்கினாள். உச்சி வெயில். ஒரு இலை அசையவில்லை. கேவலம் ஒரு புல்தரையைப் பார்த்து அப்படிப் பயந்தது என் ஆயுளில் அன்றுதான்.

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே திருச்செங்கோட்டில் இருக்கும் பெரியப்பாவுக்கு, அதாவது மாமாவின் அண்ணனுக்கு, போன் போட்டாள். ஸ்பீக்கரில்தான் பேசினாள்.

"பெரீப்பா, மோட்டார் ரூமுக்கும் வேப்பமரத்துக்கும் நடுவுல போர் ஏதாச்சும் போட்டீங்களா?"

பெரியவர் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

"உங்கொப்பன் கனவுல வந்தானா சாமி?"

"போட்டீங்களா, இல்லீங்களா?"

"போட்டோம்... பொகைதான் வந்துச்சு. பொட்டுத் தண்ணியில்ல. ஊருக்கெல்லாம் தண்ணி எடுத்துக் குடுக்கறவன் சொந்தக் காட்டுல பொகைய உட்டான்னு தெரிஞ்சா, அப்பறம் ஆரு நம்ம வண்டியக் கூப்புடுவாங்க? மண்ணு சரியாம எறக்குன கேசிங் பைப்ப உருவிட்டு, சாக்கப் போட்டு, மேல மண்ணத் தள்ளிட்டோம். நல்லா மூடிரலாம், மூடிரலாம்னே இருந்து... அவனும் போயிட்டான்."

"எங்கம்மாளுக்குத் தெரியுமா?"

"ஆருக்கும் தெரியாது. நீ மட்டும் உங்கொப்பன் இடுப்புல இருந்தே. பேச்சுக்கூட வராத வயசு."

பேச்சு வராத வயதில் பார்த்ததை மனசு மறந்துவிட்டது. கை மறக்கவில்லை.

"நான் வாரேன். அதுவரைக்கும் ஆரும் அங்க காலு வெக்காதீங்க" என்றார் பெரியவர். சொன்னபடி கடப்பாரையோடு வந்தார். வாசலில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. வயிறு தரையில் படக் குப்புறப் படுத்து, கையை நீட்டிப் புல்லைக் குத்திக் குத்திப் பார்த்தார். டொக்... டொக்... கெட்டித் தரை. இன்னும் கொஞ்சம் தள்ளி ஒரு குத்து. சத்தமே வரவில்லை. கடப்பாரை அவர் கையை விட்டு உள்ளே போய்விட்டது.

மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தோம். அடியிலிருந்து சத்தம் வருவதற்குள் நான் கும்பிடுகிற சாமியை எல்லாம் கூப்பிட்டு முடித்துவிட்டேன்.

மண்ணை விலக்கினால், மக்கிய சாக்கின் ஓரம் தெரிந்தது. மஞ்சள். இரண்டு நீலக் கோடு.

மாமா மேல் அப்படி ஒரு கோபம் வந்தது எனக்கு. நல்ல மனிதர். சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். தீபாவளிக்கு எனக்கும் சேர்த்துப் புடவை எடுப்பார். அந்த நல்ல மனிதர், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று பயந்து, பேத்தி குதித்து விளையாடும் இடத்தில் எமனைப் படுக்க வைத்துவிட்டுப் போயிருக்கிறார். செத்தவரைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டினேன்.

ஜல்லி கொட்டி நிரப்பி, மேலே கான்கிரீட் போட்டாகிவிட்டது. அது முடியும்வரை நிர்மலா மகளைக் கீழே இறக்கிவிடவே இல்லை. பெரியவர் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"இன்னொரு ரெண்டு பேருக்குச் சொல்லோணும்" என்றார். யார் என்று நாங்கள் கேட்கவில்லை. எத்தனை காட்டில் எத்தனை சாக்கோ!

உங்கள் வீட்டிலும் யாரும் பேசாத ஏதாவது ஒரு இடம் இருக்கும். கௌரவத்துக்காக மூடியது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது... பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். எல்லார் வீட்டிலும் கேம் செய்கிற மகள் இருக்க மாட்டாள்.

இந்த வாரம் நிர்மலா கேமை அப்டேட் செய்துவிட்டாள். மூன்றாவது லெவலில் சாக்கு இருந்த இடத்தில் இப்போது கான்கிரீட் பலகை. அதன் மேல் எவ்வளவு குதித்தாலும் ஒன்றும் ஆகாது. நானே குதித்துப் பார்த்துவிட்டேன். வீடியோத் தம்பிக்குத்தான் செம கோபம். "இருந்த ஒரே ரகசியத்தையும் மூடிட்டாங்க. என்னத்த மறைக்கிறாங்க?" என்று புது வீடியோ போட்டிருக்கிறார்.

அதன் கீழே, வாழ்க்கையில் முதல்முறையாக, நான் ஒரு கமெண்ட் எழுதினேன். "தம்பி, நீ பிள்ளை குட்டியோடு நூறு வருஷம் நல்லா இருக்கோணும்."

ஒரு கேள்விக்குறி மட்டும் பதிலாக அனுப்பியிருக்கிறார்.