மை படாத சுண்டுவிரல்

வேல்ஸ் நாட்டின் வடமேற்கு ஓரத்தில் இருக்கும் தீவின் தேர்தல் வரலாறு பர்மாவில் நாங்கள் இருக்கும் பசுந்தாங்கில் யாருக்குத் தெரிய வேண்டும்? எனக்குத் தெரியும். என் மகள் அந்தத் தீவில் நர்ஸ். ரிட்டயர் ஆனவன், பொழுது போக வேண்டாமா? அவள் இருக்கும் ஊரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் போனில் படித்தேன்.

ஒரு காலத்தில் அந்தத் தீவுக்கு நாடாளுமன்றத்தில் இரண்டு இடங்கள். தீவுக்கு ஒன்று, அங்கே உள்ள கோட்டை ஊருக்குத் தனியாக ஒன்று. பிறகு ஒன்றாக்கினார்கள். ஆங்கிலப் பெயரை எடுத்துவிட்டுத் தங்கள் மொழிப் பெயரை வைத்தார்கள். போன தேர்தலுக்கு முன் வேல்ஸில் தொகுதிகளைக் குறைத்தபோது மற்றவற்றை வெட்டி ஒட்டினார்கள், தீவைத் தொடவில்லை. அதை அக்கரை நிலத்தோடு சேர்க்கக் கூடாதென்று சட்டமே இருக்கிறது. படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. பர்மாத் தமிழர்களான எங்களை யார் இப்படிப் பொத்திப் பாதுகாத்தார்கள்?

அந்தத் தேர்தலில்தான் மகளுக்கு அங்கே முதல் வாக்கு. அங்கேயே இருந்துவிடுவது என்று முடிவுசெய்து அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தாள். அதை வாங்கினால் பர்மாக் குடியுரிமை போய்விடும். "உன் இஷ்டம்மா" என்று நான்தான் சொன்னேன். மனசு கேட்கவில்லை.

இங்கே மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு மத்தியானம், வாக்குப் போட்ட கையோடு வீடியோவில் கூப்பிட்டாள்.

"போட்டாச்சுப்பா. போட்டுட்டு சுண்டுவிரல நீட்டிக்கிட்டே நின்னேன். மேசையில இருந்த அம்மா என்னையே பாத்தாங்க. இங்க மை கெடையாதாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊரில் வாக்களித்தவர் சுண்டுவிரலை ஊதா மையில் முக்கியே ஆக வேண்டும். அவள் இங்கே வாக்களித்த ஒரே தேர்தலில் நான், மனைவி, மகள் மூவரும் விரல்களைச் சேர்த்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படம் இன்னும் என் போனில் இருக்கிறது.

"ஓட்டுப் போட்ட மாதிரியே இல்லப்பா" என்று விரலைத் திரையில் காட்டினாள். சுத்தமாக இருந்தது.

"அதுக்கென்ன, அடுத்த தடவ இங்க வந்து முக்கிக்கலாம்" என்றாள் என் மனைவி.

மகள் விரலை மடக்கிக்கொண்டாள். நான் மழையைப் பார்த்தேன். இனி அவள் வந்தால் விசா எடுத்துக்கொண்டு விருந்தாளியாகத்தான் வர வேண்டும். இந்த ஊர் மை அவள் விரலுக்குக் கிடையாது. அது அவள் அம்மாவுக்கும் தெரியும்.