வெண்மதியின் ஆறு மாதம்

மிக்ஸிக்கு அடியில் துண்டை நாலாக மடித்துப் போடுகிறாள் வெண்மதி. அது போதாதென்று அதன் மேல் ஒரு பழைய போர்வையையும் சுற்றுகிறாள். ஞாயிற்றுக்கிழமை, கறி எடுத்த நாள், மணி பதினொன்று. பக்கத்து மனையில் டைல்ஸ் அறுக்கிறார்கள். தெருவில் மீன் வண்டிக்காரர் மைக்கில் கத்திக்கொண்டு போகிறார். இவள் வீட்டு மிக்ஸி மட்டும் போர்வைக்குள் முனகுகிறது.

"ஞாயித்துக்கெழம மசாலா அரைச்சா இன்னாடி, போலீசா வரும்?" என்கிறாள் அம்மா ஜெயக்கொடி.

"அங்க வரும்மா."

"இது செஞ்சிடி!"

அது வெண்மதிக்குத் தெரியும். கைக்குத்தான் இன்னும் தெரியவில்லை. இருபத்தெட்டு வயதில் பழகிய கையை மாற்றுவது லேசில்லை. கூட்டு ரோட்டில் வண்டியே இல்லாதபோதும் இல்லாத சிக்னலுக்காக ஒரு நிமிடம் நிற்கிறாள். எதிரே இளநீர் விற்பவர், "வா பாப்பா, ஒண்ணும் வரல" என்று தினமும் கைகாட்டி அழைக்கிறார். காலி தண்ணீர் பாட்டில்களை எறிய மனம் வராமல் படிக்கட்டுக்கு அடியில் சேர்த்து வைத்திருக்கிறாள். அங்கே கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு தருவார்கள். இங்கே பழைய இரும்புக்காரரே அதைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்.

'அங்கே' என்பது ஜெர்மனியில் கெம்னிட்ஸ். மேல்படிப்புக்குப் போன ஊர். முதல் இரண்டு வருடம் எப்போது பெட்டியைக் கட்டுவோம் என்றுதான் இருந்தது. குளிர், இருட்டு, பேச ஆளில்லாத ஞாயிற்றுக்கிழமை. அப்படி ஒரு ஞாயிறன்று, ஊர் நினைப்பில் மசாலா அரைத்தபோதுதான் கீழ்வீட்டு ஹில்டா துடைப்பக்கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடித்தாள். எண்பது வயதுக் கைக்கு நல்ல பலம். ஞாயிறன்று அங்கே யாரும் சத்தம் போடக்கூடாது. துண்டும் போர்வையும் அதற்குப் பிறகு வந்தவை. அப்படியும் ஹில்டா விட்டபாடில்லை. வாரம் தவறாமல் இடி விழுந்தது.

படிப்பு முடிந்து, அதே ஊரில் இயந்திரப் பாகங்களுக்கு வரைபடம் போடும் வேலை கிடைத்தது. நான்காம் மாதம் காய்ச்சல். அந்த ஞாயிறு மிக்ஸி ஓடவில்லை. சாயங்காலம் அழைப்புமணி அடித்தது. வாசலில் ஹில்டா, கையில் சூப் சட்டி. "இன்றைக்கு உன் சத்தம் கேட்கவில்லையே, உடம்புக்கு என்ன?" என்று கேட்டாள். கதவைச் சாத்திவிட்டு வெண்மதி ஓவென்று அழுதாள். அறைத்தோழி ரஞ்சனியிடம், "நம்ம ஊர் மாதிரி ஆயிடுச்சி இல்ல?" என்றாள். பதினோராம் நாள் செஞ்சியிலிருந்து போன் வந்தது. நைனாவுக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்துவிட்டன.

வந்துவிட்டாள். திங்கள், புதன், வெள்ளி விடியற்காலை பஸ்ஸில் நைனா ஜெயராமனை விழுப்புரத்துக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப் போகிறாள். உள்ளே அவருக்கு நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்திகரிக்கும்போது, வெளியே நடையில் மடிக்கணினியை முழங்காலில் வைத்துக் கம்பெனி வேலை பார்ப்பாள். இப்படிச் செய்யக் கம்பெனி சம்மதித்தது. அந்த நாட்டுச் சட்டம் சம்மதிக்கவில்லை. ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் அவளுடைய இருப்பு அனுமதி தானாகவே ரத்தாகிவிடும். போக அவ்வளவு ஆசை. விட்டுப் போகப் பயம். அம்மாவுக்கு முழங்கால் வலி, பஸ் படி ஏறவே முடியாது. யாராவது முகத்தைப் பார்த்து விசாரித்தால், "தூக்கம் பத்தல, அவ்வளோதான்" என்பாள்.

ஆறு மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. அமாவாசை, புதன்கிழமை. நைனா இவளுக்கு முன்பே எழுந்து சட்டை போட்டு, ஆஸ்பத்திரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார்.

"நீ பிளேன் டிக்கெட்ட போடு. நான் தனியா போயி வந்துடறன். இன்னா, கொழந்தையா நானு?"

எத்தனையோ நாள் அலுப்பு. அவளும் சரியென்று விட்டுவிட்டாள். நைனா இன்றைக்குப் போய்வந்துவிட்டால் தானும் போய்விடலாம் என்று அவளுக்கு ஒரு கணக்கு. மத்தியானம் இரண்டு மணிக்கு வந்திருக்க வேண்டியவர் நாலாகியும் வரவில்லை. அவர் போன் சார்ஜ் இறங்கி அணைந்திருந்தது. பஸ் ஸ்டாண்டில், அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகும் சிறப்புப் பேருந்துகள் வந்து வந்து கூட்டத்தை அள்ளிக்கொண்டு போயின. ஒவ்வொன்றிலும் ஏறித் தேடி இறங்கினாள். ஐந்தரைக்கு ஒரு புது நம்பரிலிருந்து போன் வந்தது. "ஒங்க நைனா மலையனூர் பஸ் ஸ்டாண்டுல குந்திக்கினு இருக்காரும்மா. நான் இங்க பூக்கடைக்காரி."

நடந்தது இதுதான். சிகிச்சை முடிந்த அசதியில், செஞ்சி வழியாகத்தானே போகிறது என்று விழுப்புரத்தில் சிறப்புப் பேருந்தில் ஏறியிருக்கிறார். உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். சாமி கும்பிடப் போகும் கூட்டத்தில் இவர் ஒருவர் செஞ்சியில் இறங்க வேண்டியவர் என்று யாருக்குத் தெரியும்? வெண்மதி போய்ச் சேர்ந்தபோது, ஊசி குத்திய கையின் பிளாஸ்திரியை அழுத்தியபடி பூக்கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"ஒண்ணும் ஆவல. கண்ணு அசந்துட்டுது, செஞ்சி பூட்டுது. அதுக்குன்னு டிக்கெட்ட நிறுத்திடாத."

திட்டக்கூட அவளுக்குத் தெம்பில்லை. ஊரே மலையனூருக்கு வந்துகொண்டிருந்ததால் செஞ்சிக்குத் திரும்பும் பஸ் காலியாக இருந்தது. நைனாவை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். கிளம்பியதும் ரஞ்சனியின் போன்.

"மதி, உன் ரூமுக்கு ஆள் கேக்குறாங்க. இன்னிக்கே சொல்லணுமாம். நீ வர்றதானே?"

வெண்மதி நைனாவைப் பார்த்தாள். அவர் கண்ணை மூடியிருந்தார், இமை துடித்தது.

"குடுத்துடு ரஞ்சனி" என்றாள்.

போனை வைத்துவிட்டுக் கையை நீட்டி முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள், நைனா எழுந்தால் தடுக்கிற மாதிரி.

"கைய எடும்மா. நான் எங்க போயிடப் போறன்?"

செஞ்சி வரும்வரை அவள் கையை எடுக்கவில்லை.