கதவை மூடும் முன் அவள் சொன்னது

திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. கல்லூரி வேலையிலிருந்து ஓய்வு பெற்று இந்த ஊருக்கு வந்த புதிதில் சான்றிதழ் நகல்களுக்காக அங்கே போனேன். இப்போது நகலெடுக்க ஒன்றும் இல்லாத நாட்களிலும் போகிறேன். கடைக்காரர் ஆங்கிலப் பேய்ப்படப் பைத்தியம். நானும் அப்படித்தான் என்பது அவருக்கு ஒரு மதியம் பேச்சுவாக்கில் தெரிந்துவிட்டது.

எங்கள் இருவருக்கும் பிடித்தது ஒரே படத்தொடர். ஏதோ ஒரு நிலவில் சுரங்கம் தோண்டப் போனவர்கள், தண்ணீர்க் குழாய்களுக்குள் வாழும் ஒரு ஜந்துவிடம் ஒவ்வொருவராக மாட்டிக்கொள்ளும் கதை. இதுவரை ஐந்து படங்கள் வந்துவிட்டன. முதல் படத்தை எடுத்தவர் அதோடு விலகிவிட்டார். மற்ற நான்கையும் வேறு ஆட்கள் எடுத்தார்கள். எண்பதைத் தாண்டிவிட்ட அந்த இயக்குநரே ஆறாவது படத்தை எடுக்கப் போகிறார் என்று செய்தி வந்ததும் கடை இரண்டு கட்சியாகப் பிரிந்தது.

கடைக்காரர் ஆதரவுக் கட்சி. பெற்றவனுக்கு இல்லாத உரிமையா என்பார். எதிர்க்கட்சி, அரசு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் ஒரு பெண். முப்பது வயதிருக்கும். பணி முடிந்து பேருந்து ஏறுவதற்கு முன் கடை நாற்காலியில் உட்கார்ந்து சண்டை போட்டுவிட்டுத்தான் போவாள். அந்த ஜந்து எங்கிருந்து வந்தது என்பதை இந்தப் படத்தில் சொல்லப் போவதாக இயக்குநர் பேட்டி கொடுத்திருந்தார். அதுதான் அவளுக்குக் கோபம். தெரியாத வரைக்கும்தான் அது பயம், விளக்கிவிட்டால் வெறும் பிராணி என்பாள். எனக்கு எந்தக் கட்சியில் சேருவது என்று தெரியவில்லை. எண்பது வயதில் ஒரு மனிதர் தான் விட்டுவிட்டு வந்த இடத்துக்கு எதற்காகத் திரும்பிப் போகிறார் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை என் அக்காவின் கணவர் கடைக்கு வந்தார். அவரை நான் பாவா என்றுதான் கூப்பிடுவேன். அம்மையார்குப்பத்தில் நான்கு பவர்லூம் தறி வைத்திருக்கிறார். செவ்வாய்தோறும் மலையேறி சாமி கும்பிட்டுவிட்டு என்னைப் பார்க்க வருவார். அன்று நெற்றியில் விபூதியோடு வந்து உட்கார்ந்து கொஞ்ச நேரம் இருவர் சண்டையையும் கேட்டார். பிறகு அந்த இயக்குநர் கண்டிப்பாக வரத்தான் வேண்டும் என்றார்.

"அந்த சமையல்காரன அம்போன்னு விட்டுட்டு போய்ட்டாங்க. அத்த மறந்துட்டு மத்தவனுங்க அவன சுட்டுகினு கெடக்கறானுங்க. விட்டுட்டு போனவருதான் வந்து கூட்டிகினு போவணும்."

நர்ஸ் கடைக்காரரைப் பார்த்தாள். எந்தச் சமையல்காரன் என்று கேட்டாள். பாவா பொறுமையாக விளக்கினார். அந்த ஜந்து முதலில் வந்த குழுவின் சமையல்காரன். விண்கலத்தில் இடம் போதவில்லை என்று அவனை நிலவிலேயே விட்டுவிட்டார்கள். அவன்தான் அப்படி ஆகிப்போனான். கடைசியில் கதவை மூடும் முன் கதாநாயகி அதைத்தான் சொல்லி அழுகிறாள்.

"தாத்தா, நீங்க எந்தப் படத்துக்குப் போய் எந்தப் படத்தப் பாத்துட்டு வந்தீங்க?" என்றாள் நர்ஸ். கடைக்காரர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

பாவா கோபப்படவில்லை. "இன்னாமா சிரிக்கற? எனுக்கு இங்கிலீஷ் வராது, சரி. பக்கத்துல ஒக்காந்து வரிவரியா சொன்னது இதோ, என் மச்சான். எம்.ஏ. இங்கிலீஷ். கேட்டுக்க."

மூவரும் என்னைப் பார்த்தார்கள்.

அந்த முதல் படம் வந்தபோது நான் சென்னையில் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் நெசவுக் குடும்பங்களில் கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். வியாபாரியிடம் புடவைக் கட்டைப் போட்டுவிட்டு பாவா என்னைப் பார்க்க வந்தார். பகல் காட்சிக்குப் போனோம். படம் ஓடும்போதே அவர் காதில் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். உண்மை என்னவென்றால் எனக்குப் பாதிதான் புரிந்தது. புத்தகத்து ஆங்கிலம் எனக்கு நன்றாகத் தெரியும். திரையில் மூக்கால் பேசிய ஆங்கிலத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. கடைசிக் காட்சியில் அந்தப் பெண் ஒரு நிமிஷம் பேசினாள். ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பாவா என் முழங்கையைத் தொட்டு, இன்னா சொல்றா என்று கேட்டார். தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான் சமையல்காரனைச் சொன்னேன். அவன் எங்கிருந்து வந்தான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. பாவா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஊருக்குப் போய், என் மச்சானுக்கு இங்கிலீஷ் தண்ணிபட்ட பாடு என்று எல்லாரிடமும் சொன்னார். அன்று முதல் அந்த வீட்டுக்கு வந்த ஆங்கிலக் காகிதம் எல்லாம் என் கைக்குத்தான் வந்தது.

அடுத்து வந்த படங்களை அவர் டிவியில் தமிழில் பார்த்தார். முதல் படம் மட்டும் தமிழில் வரவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் அதைச் செல்போனில், கீழே வசனம் எழுத்தில் ஓடும்படி வைத்துப் பார்த்தேன். அந்த ஒரு நிமிஷமும் அவள் கம்ப்யூட்டரிடம் கதவு எண்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒன்பதாம் கதவு, பூட்டு. எட்டு, பூட்டு. ஏழு, பூட்டு. முதலில் சிரித்தேன். பிறகு போனை அணைத்து வைத்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

இத்தனையும் தெரிந்துதான் அந்தக் கடையில், ரொம்ப நாளாயிற்று, எனக்கு ஞாபகமில்லை என்றேன். பாவா என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து போனார். அம்மையார்குப்பம் பேருந்துக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.

அடுத்த செவ்வாய் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அக்காவிடம் போனில் கேட்டேன். மலைக்குப் போய்விட்டு நேராக வீட்டுக்கு வந்துவிடுகிறார் என்றாள். நான் கிளம்பிப் போனேன்.

தறிக்கூடத்தில் நான்கு தறியும் ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் யாரும் கத்துவதில்லை, உதட்டைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள். தறிகளுக்கு நடுவிலேயே வளர்ந்த எனக்கும் அது தெரியும். வீட்டுக்குள் போகும்வரை காத்திருக்க எனக்குத் தைரியமில்லை. சத்தம் இருக்கும்போதே சொல்லிவிட்டால் பாதிதான் சொன்ன மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். அவர் எதிரில் நின்று, சமையல்காரன் கதை நான் கட்டியது பாவா, அவள் என்ன சொன்னாள் என்று எனக்குப் புரியவில்லை என்று குரல் எழுப்பாமல் சொன்னேன்.

அவர் என் உதட்டைக் கடைசிவரை பார்த்தார். பிறகு ஒரு தறியை நிறுத்தினார். இரண்டாவதையும் நிறுத்தினார். நான்கும் நின்ற பிறகு அக்கா, என்ன கரண்ட் போய்விட்டதா என்று கேட்டுக்கொண்டே உள்ளேயிருந்து வந்தாள்.

"ஆங், இப்ப சொல்லு" என்றார்.

அக்கா முன்னால் மறுபடியும் சொன்னேன். அவர் தறியில் குறுக்கே ஓடும் நாடா ஒன்றை எடுத்து, அதில் தீர்ந்துபோன நூல்கட்டையைக் கழற்றினார். நிஜத்தில் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டார். கதவு எண்கள் என்றேன்.

"எண்ணறாளா?"

"ஆமாங்க பாவா. ஒம்பது, எட்டு, ஏழுன்னு."

அதுக்கா நான் அழுதேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். கண்ணாடி வழியாகப் பார்த்த கிழவன் என்ன சொன்னான்? அது சரியாகத்தான் சொன்னேன். சாகும்போது ஒருவன் அம்மா என்றானே? அது இல்லை. பூனையைத் தேடிப் போனது? அது உண்மை. கோபத்தை எதிர்பார்த்துப் போன எனக்கு அவருடைய இந்த ஆர்வம்தான் தாங்கமுடியாமல் இருந்தது. நான் ஒட்டுப்போட்ட ஒவ்வொரு இடத்தையும் தடவிப் பார்த்துப் பிரித்துக்கொண்டிருந்தார். கடைசியில், கடையில் வந்து அந்தப் பெண்ணிடமும் சொல்ல வேண்டும் என்றார்.

அந்தச் செவ்வாய் சொன்னேன். முப்பது வருஷம் வகுப்பில் நின்று பேசியவனுக்கு அந்த நான்கு வாக்கியம் கடினமாக இருந்தது. நர்ஸ் சிரிக்கவில்லை. பாவாவிடம், மன்னிச்சிக்கங்க தாத்தா என்றாள். கடைக்காரர் சமையல்காரன் கதைதான் படத்தைவிட நன்றாக இருக்கிறது, அதை இயக்குநருக்கு எழுதிப்போடலாம் என்றார். பாவா ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கட்சி மாறியிருந்தார்.

"அந்த சமையல்காரனே இல்லன்னா, அவரு எதுக்கு வரணும்? வயசான காலத்துல வூட்லயே இருக்கட்டும்."

விளக்கம் வேண்டாம் என்ற நர்ஸுக்கு இப்படி ஒரு ஆதரவு கிடைத்ததில் சந்தோஷமில்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது. சண்டை அதோடு ஓய்ந்தது.

அப்போதுதான் பாவா மஞ்சள் பையிலிருந்து ஒரு ஃபைலை எடுத்தார். எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. மூன்று வருஷம் முன் அக்காவுக்கு மூச்சு வாங்கியபோது எடுத்த இதய ஸ்கேன் அறிக்கை. டாக்டர் அவசரத்தில் மாத்திரையை மட்டும் எழுதிக்கொடுத்தார். அறிக்கையை வீட்டில் வைத்து வாசித்துச் சொன்னது நான்தான்.

"இத கொஞ்சம் படிச்சு சொல்லுமா" என்று நர்ஸிடம் நீட்டினார்.

"சார் இருக்காரே" என்றாள் அவள்.

"அவரு படிச்சாச்சு."

அவள் வாங்கிக்கொண்டாள். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். நான் அன்று சொன்னதேதான் வந்துகொண்டிருந்தது. பாவா ஒவ்வொன்றுக்கும் ஆங், ஆங் என்று தலையாட்டினார். ஆனால் இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி உண்டு. அன்று எனக்கு அது புரியவில்லை. அக்கா கண் கொட்டாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்ததால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று அதைத் தாண்டிப் போனேன். இப்போது நர்ஸ் அந்த வரிக்கு வந்தாள்.

"ஒரு வால்வு கொஞ்சம் தடிச்சிருக்குன்னு போட்டிருக்கு தாத்தா. வயசானா நெறைய பேருக்கு வரும். இவங்களுது ஆரம்பம்தான், பயப்பட ஒண்ணுமில்ல. ஆனா வருஷம் ஒரு தடவ பாத்துக்கணும். பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. பாவா தலையாட்டுவதை நிறுத்தினார். நான் சும்மா இருந்திருந்தால், டாக்டர் சொல்லாமல் விட்டார் என்று நினைத்திருப்பார்.

"அந்த வரி எனக்கு அன்னைக்குப் புரியலை பாவா. புரியலைன்னு சொல்லலை" என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பவில்லை. அக்காவை எந்தக் கிழமை கூட்டி வரலாம் என்று நர்ஸிடம் கேட்டார். வியாழக்கிழமை காலையில் வரச் சொன்னாள், வெறும் வயிற்றில் வர வேண்டியதில்லை என்றாள். பிறகு அவர் இரண்டாம் பக்கத்தின் மேல் விரலை வைத்தார்.

"அந்த வரிய இன்னொரு தரம் சொல்லுமா."

அவள் சொன்னாள். நானும் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டு கேட்டேன்.