கிளைக்குக் கீழே ஒரு வெள்ளைக் கார்

சிட்லபாக்கத்தில் வீடு கட்டியபோது கேட்டை ஸ்கூட்டர் நுழையும் அளவுக்குத்தான் வைத்தோம். கார் வாங்குவோம் என்று அப்போது நினைக்கவில்லை. அதனால் போன கோடையில் வாங்கிய வெள்ளைக் கார் தெருவில் நின்றது. எங்கள் தெருவில் நிழல் ஒரே இடத்தில்தான். அடுத்த வீட்டு டீச்சரின் நாவல் மரம் மதிலைத் தாண்டி ஒரு கிளையை எங்கள் வாசல்வரை நீட்டியிருந்தது.

டீச்சர் ஓய்வு பெற்று வெகுகாலம் ஆகிறது. தனியாக இருக்கிறார். மரத்தின் மற்ற கிளைகள் எட்டாத உயரத்தில் பழுத்து, காக்கைக்கும் வௌவாலுக்கும் போய்விடும். தெருப்பக்கக் கிளை மட்டும் அவருடைய போர்டிகோ மேலிருந்து கைக்கு எட்டும். அவர் போகும் கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை நாவல் பழக் காலத்தில் வரும். அவரவர் விளைச்சலில் முதல் பங்கைக் கொண்டுவந்து ஆலயத்தில் வைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். இந்தப் பக்கம் யாருக்கு என்ன விளைகிறது? பெரும்பாலோர் முந்தின நாள் தாம்பரம் மார்க்கெட்டில் பூசணிக்காயோ வாழைத்தாரோ வாங்கிப் போவார்கள். டீச்சர் சொந்த மரத்துப் பழத்தைத் தட்டில் அடுக்கிக் கொண்டுபோவார். யார் ஏலம் எடுத்தார்கள் என்பதை அன்று மாலையே மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எங்களுக்குச் சொல்லிவிடுவார். வேறு எதைப் பற்றியும் அவர் பெருமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

கார் வந்த சில நாட்களிலேயே பானெட்டில் எச்சம் விழுந்து காய்ந்தது. துடைத்த பிறகும் அந்த இடம் மங்கலாகத் தெரிந்தது. பெயிண்ட் கெடாமல் இருக்க மேலே செராமிக் கோட்டிங் போட்டுவிடுங்கள் என்றான் வெளியூரிலிருந்து மகன், தொலைபேசியில். பெருங்களத்தூரில், ஜிஎஸ்டி சாலையை விட்டுச் சற்று உள்ளே இருந்த ஒரு கடைக்குப் போனேன்.

கடைக்காரர் கோட்டிங் போட்ட ஒரு கார்மீது குவளைத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். சேப்பங்கிழங்கு இலையில் உருளுவதுபோல் நீர் முத்து முத்தாகத் திரண்டு ஓடியது. நாளிதழில் வேலை பார்த்தவனுக்கு, கண்ணுக்கு அழகாக இருப்பதை உடனே நம்பும் பழக்கம் கிடையாது. எத்தனை நாள் நிற்கும், கீறல் விழுமா, எச்சத்தைத் தாங்குமா என்று கேட்டேன். அவர் மழுப்பாமல் பதில் சொன்னார். கல் பட்டால் கீறல் விழும். எச்சத்தை அன்றன்றைக்கே துடைத்தாக வேண்டும். துடைப்பது சுலபமாகும், அவ்வளவுதான். வண்டியை எங்கே நிறுத்துகிறேன் என்று கேட்டார். நாவல் மரத்தடி என்றேன். சிரித்தார்.

“முடிஞ்சா கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க சார்” என்றார்.

யோசித்துச் சொல்கிறேன் என்று திரும்பி வந்தேன்.

யோசனை நீண்டது. வெறும் தகரத்துக்கு இத்தனை செலவா என்று ஒரு நாள் தோன்றும். மறுநாள் காலை புதிதாக ஒரு வெள்ளைப் பொட்டைப் பார்த்ததும், போட்டுவிடலாம் என்று தோன்றும். என் மனைவி இந்த விவாதத்தில் சேரவில்லை. கார் எங்கேயாவது போவதற்குத்தானே வாங்கினோம் என்று மட்டும் ஒரு முறை கேட்டாள்.

அப்படி ஒரு காலையில் ஈரத்துணியால் பானெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டீச்சர் பால் பாக்கெட்டோடு வந்து நின்றார்.

“எங்க மரத்துக் காக்காவா சார்?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல டீச்சர். மரம்னா காக்கா வரத்தான் செய்யும்” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கோட்டிங் போட யோசிப்பதைச் சொன்னேன். பிறகு, “போட்டாலும் மரத்தடியில நிறுத்தக் கூடாதுன்னு கடைக்காரர் சொல்றார்” என்றேன்.

அவர் தலை நிமிர்ந்து கிளையைப் பார்த்தார். காய் பச்சையாகக் கொத்துக் கொத்தாகப் பிடித்திருந்தது. சரி சார் என்று உள்ளே போனார்.

வேலையில் இருந்த காலம் முழுக்க மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கியிருக்கிறேன். எந்தச் சொல்லை எடுத்தால் வாக்கியத்தின் எடை மாறும் என்பது எனக்குத் தெரியும். கடைக்காரர் சொன்னதிலிருந்து ‘முடிஞ்சா’வை எடுத்துவிட்டேன். ‘கொஞ்சம்’ என்பதையும். மிச்சத்தை அவர் பெயரில் போட்டேன். நான் எதையும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் யாரும் யாரிடமும் எதையும் நேரடியாகக் கேட்பதில்லை. தண்ணீர் மோட்டார் சத்தமாக இருக்கிறதே என்றால் நிறுத்துங்கள் என்று அர்த்தம். இது டீச்சருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த வாரக் கடைசியில் கோட்டிங்கே போட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மரத்தைப் பற்றி இனிப் பேச வேண்டியதில்லை என்ற நிம்மதியும் அதில் இருந்தது. அந்த முடிவை டீச்சரிடம் சொல்லத் தோன்றவில்லை. காரைப் பெருங்களத்தூரில் விட்டுவிட்டு மின்சார ரயிலில் வீடு திரும்பினேன்.

தயாராகிவிட்டது என்று கடையிலிருந்து அழைப்பு வந்ததும் போய் எடுத்துவந்தேன். தெருவில் திரும்பும்போதே வெளிச்சம் அதிகமாகத் தெரிந்தது. கிளை துண்டு துண்டாக மதில் ஓரம் கிடந்தது. இரண்டு பேர் அதை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தார்ச்சாலை முழுக்கப் பச்சைக் காய். அதன்மேல் ஏற்றாமல் ஓட்ட வழியில்லை.

டீச்சர் கேட் அருகில் நின்றிருந்தார்.

“உங்க வண்டி இல்லாத நேரமா பார்த்து வெட்டச் சொன்னேன் சார். மேல விழுந்துட்டா கஷ்டம் இல்லையா” என்றார். காரைச் சுற்றிவந்து பார்த்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்றார்.

வீட்டுக்குள் போனதும் மனைவி கேட்டாள்: “நீங்க வெட்டச் சொன்னீங்களா?”

“நான் கேக்கவே இல்ல.”

“கேக்க மாட்டீங்கன்னு தெரியும். என்ன சொன்னீங்க?”

சொன்னதை அப்படியே சொன்னேன். மாலையில் துடைப்பத்தை எடுத்துப் போய்த் தெருவில் நசுங்கிக் கிடந்த காய்களைக் கூட்டினாள். நானும் போனேன். முறத்தை மட்டும் என்னிடம் தந்தாள்.

நிழல் இல்லாத இடத்தில் கார் கொதித்தது. பகலில் கதவுப் பிடியைத் தொட முடியவில்லை. காக்கை உட்கார இடமில்லாததால் எச்சமும் இல்லை. கோட்டிங் இல்லாமலே சமாளித்திருக்கலாம்.

பண்டிகை ஞாயிறு காலை மனைவி என்னை டீச்சர் வீட்டுக்குப் போகச் சொன்னாள். நான் கிளம்பிக்கொண்டுதான் இருந்தேன். ஆலயத்தில் விட்டுவிட்டு வருகிறேன் என்றதும் டீச்சர் தயங்கினார். அவர் கையில் ஒரு பூசணிக்காய் இருந்தது. காம்பில் சுண்ணாம்பு தடவியிருந்தது, மார்க்கெட் காய். சுண்ணாம்பு சீட்டில் ஒட்டிக்கொள்ளுமோ என்று கேட்டு, நான் இல்லை என்ற பிறகும் அதை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

ரயில்வே கேட்டில் நிற்க வேண்டியிருந்தது. நான் முன்னால் பார்த்தபடியே சொன்னேன்: “டீச்சர், கடைக்காரர் முடிஞ்சா கொஞ்சம் தள்ளி நிறுத்துங்கன்னுதான் சொன்னார்.”

ரயில் கடந்து போனது. பின் சீட்டில் டீச்சர் பூசணிக்காயை மடியில் திருப்பி வைத்தார்.

“இதை அன்னிக்கே சொல்லியிருக்கலாமே சார்” என்றார்.

குரலில் கோபம் இல்லை. கேட் திறந்தது. ஆலய வாசலில் இறங்கிய பிறகு அவர் கதவைச் சாத்தவில்லை. பூசணிக்காயை இடுப்பில் இடுக்கிக்கொண்டு குனிந்து, தான் உட்கார்ந்திருந்த இடத்தைச் சேலைத் தலைப்பால் ஒரு முறை துடைத்தார்.