நீலம் பூசிய புரதம்

பல்கலைக்கழகத்தில் பிஎச்.டி. செய்யும் சத்யப்பிரியாவைத் துறையில் சிடுமூஞ்சி என்பார்கள். சிடுசிடுக்காமல் என்ன செய்வாள்? கீரப்பாளையத்திலிருந்து பஸ் பிடித்துச் சிதம்பரம் வந்தால், முந்தின நாள் கம்ப்யூட்டரில் ஓடவிட்டுப் போன கணக்கு கரண்டு போய்ப் பாதியில் நின்றிருக்கும். மறுபடி முதலிலிருந்து போடுவாள். வருடக்கணக்காக இதே பிழைப்பு.

அவள் ஆராய்ந்தது, இறாலுக்கு வெள்ளைப்புள்ளி நோயைக் கொண்டுவரும் வைரஸின் ஒரு புரதம். அது எப்படி மடிந்திருக்கும் என்று கம்ப்யூட்டர் கணித்துப் படமாகத் தரும். நம்பிச் சொல்லக்கூடிய இடம் நீலம், குத்துமதிப்பாகச் சொன்ன இடம் ஆரஞ்சு. மருந்து போய் உட்கார வேண்டிய பள்ளம் முழுக்க ஆரஞ்சில் விழுந்தது. கைடு சுப்பிரமணியன் படம் முழுவதையும் ஒரே நீலமாக மாற்றிவிட்டார். "ஸ்லைடுக்குப் பாக்க லட்சணமா இருக்கும்மா" என்றார். அயோக்கியத்தனத்துக்கு லட்சணம் என்று பேர். அவள் சண்டைக்குப் போனாள். உன் தீசிஸில் யார் கையெழுத்துப் போடுவார்கள் என்று அவர் கேட்டதும் வாயை மூடிக்கொண்டு வந்தாள்.

மறுவாரம் பேப்பரில், இறால் நோய்க்கு மருந்து கண்டுபிடிப்பு என்று செய்தி. நீலப் படம், பக்கத்தில் கைடு, பின்னால் இவள்.

அதைப் பார்த்துப் பூரித்துப்போனவர் ராஜவேல். அவளுடைய தாய்மாமன், கிள்ளைப் பக்கம் இறால் குட்டை வைத்திருக்கிறார். பக்கத்துக் குட்டையில் நோய் வந்துவிட்டது. வந்தால், வளர்ந்தவரைக்கும் போதும் என்று உடனே வலையைப் போட்டுப் பிடித்துவிடுவதுதான் அங்கே வழக்கம். மாமா பிடிக்கவில்லை. மருந்துதான் வருகிறதே, இன்னும் கொஞ்சம் எடை ஏறட்டும் என்று இருந்துவிட்டார். சத்யப்பிரியா போனில் கத்தினாள். மருந்தே கிடையாது, வெறும் படம், அதிலும் முக்கியமான இடம் ஊகம் என்றாள். உனக்கு உங்க சாரோடு ஏதோ மனஸ்தாபம், அதனால் இப்படிப் பேசுகிறாய் என்று மாமா சிரித்தார். போனைத் தூக்கி எறியலாம் போலிருந்தது அவளுக்கு.

கடலூரில் இறால் வளர்ப்பவர்கள் கூட்டம் நடந்தது. கைடு அதே படத்தைத் திரையில் போட்டார். முன்வரிசையில் மாமா. சத்யப்பிரியா எழுந்து நின்றாள்.

"சார், பக்கத்துல நோய் வந்திருக்கு, உங்களுக்கே ஒரு குட்டை இருக்குன்னு வச்சுக்குங்க. எறாவப் புடிப்பீங்களா, இந்த மருந்துக்குக் காத்திருப்பீங்களா?"

கைடு தண்ணீர் குடித்தார். இது ஆரம்பக் கட்டம், ஆய்வகத்தில் இன்னும் எதையும் சோதித்துப் பார்க்கவில்லை, பல வருடம் ஆகலாம் என்று இழுத்தார். இந்த உண்மையை அந்த வாயிலிருந்து பிடுங்க, அவள் தன் படிப்பையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

மாமா வெளியே ஓடினார். அணைத்து வைத்திருந்த போனைப் போட்டு, வலையைப் போடச் சொல்லக் குட்டைக் காவலாளைக் கூப்பிட்டார். நம்ம குட்டைக்கும் நோய் வந்துவிட்டது, காலையிலிருந்து இறால் சோர்ந்து கரையோரம் ஒதுங்குகிறது, உங்களுக்குத்தான் போன் போகவில்லை என்று அவன் அழாத குறையாகச் சொன்னான்.

"நீ சொன்னப்பவே புடிச்சிருக்கணும் பாப்பா" என்றார் மாமா.

ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல அவளுக்கு மனசு வரவில்லை.

"ஆமா, புடிச்சிருக்கணும். அந்தாளு காட்டுனத நம்புனீங்க, வீட்டுப் பொண்ணு சொன்னத நம்பல. வண்டிய எடுங்க மாமா, மிச்சம் இருக்கறதையாவது புடிப்போம்."