வாழைத்தண்டுச் சாறு

வாழைத்தண்டு அரைபடும் பச்சை வாசனை வந்தால் இன்னும் என் கால்கள் நின்றுவிடுகின்றன. சேலையூர் ஏரிக்கரையில் காலையில் நானும் என் தங்கை கணவர் ஜெபராஜும் நடக்கப் போகும்போதே சாறு விற்கும் வண்டியும் வந்துவிடும். ஜெபராஜுக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்தது. இளநீர், பழச்சாறு கூடாது என்றிருந்தார் டாக்டர். வாழைத்தண்டைப் பற்றி அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கல்லையே கரைக்கிறது, கிட்னிக்கு நல்லதுதானே என்றார்கள் கூட நடப்பவர்கள்.

"டாக்டர் எதைக் கேட்டாலும் வேணாங்கிறாரு மச்சான். இந்த ஜூஸ்கார அண்ணன் ஒருத்தர்தான் குடின்னு சொல்றாரு" என்று சிரிப்பார் ஜெபராஜ். மாத்திரையை நிறுத்தவில்லை. சாற்றை மட்டும் ஒரு தம்ளரிலிருந்து இரண்டாக்கினார்.

ஒருநாள் காலை கரையிலேயே கால் துவண்டு விழுந்தார். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயம் தடுமாறுகிறது என்றார்கள் ஆஸ்பத்திரியில். தண்டில் நிறைய இருக்கிறதாம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாதாம். அன்று மாலையே அவர் போய்விட்டார்.

இப்போதெல்லாம் வீட்டில் யாரை டாக்டரிடம் அழைத்துப் போனாலும், தட்டில் விழுவது, தம்ளரில் ஊற்றுவது, கீரை, கஷாயம் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்கிறேன். சில டாக்டர்கள் சலித்துக்கொள்கிறார்கள். கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன்.

அன்று காலை ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது ஜெபராஜ் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மச்சான், அந்த அண்ணன் எனக்கு ஜூஸ் எடுத்து வச்சிருப்பாரு. வீணாப்போயிடும், நீ போய் குடிச்சிடு."